வான்படை விமானி விண்ணப்பம்: முதல் மறுப்புக்குப் பிறகு நான் இழந்த பதினான்கு மாதங்கள்

தென்னாப்பிரிக்க வான்படையின் விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பித்து முதல் முறை மறுக்கப்பட்டேன். இரண்டாம் முறை தேர்வானேன். இரண்டுக்கும் நடுவே பதினான்கு மாதங்களையும் 34,850 ராண்டையும் இழந்தேன். எதனால் மறுத்தார்கள் என்பது நான்கு பக்க ஆவணம் ஒன்றில் அத்தனை நாளும் எழுதப்பட்டே இருந்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், நான் கேட்கவில்லை. நம் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இந்தத் துறைக்குப் போனவர்கள் மிகக் குறைவு என்பதால், விசாரிக்கவும் ஆள் இருக்கவில்லை. அடுத்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளாவது என்னைப்போல் இருட்டில் தடவக்கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீடு டர்பனின் தெற்கே மெர்பேங்கில் இருக்கிறது. பக்கத்திலிருந்த பழைய விமான நிலையம் 2010-இல் மூடப்பட்டது. பயணிகள் விமானங்கள் லா மெர்சியில் உள்ள கிங் ஷாகா நிலையத்துக்குப் போய்விட்டன. ஆனால் அதே ஓடுதளத்தை ஒட்டிய வான்படைத் தளம் இன்றும் அங்கேயே இயங்குகிறது. 2022 ஏப்ரலில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெள்ளம் வந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வான்படையின் ஓரிக்ஸ் ஹெலிகாப்டர்கள் எங்கள் கூரைக்கு மேலே போவதும் வருவதுமாக இருந்தன. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத அந்த நாள்களில் வாசற்படியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வை முடித்து நான்கு மாதமாகியும் என்ன படிப்பது என்று முடிவெடுக்காமல் இருந்த எனக்கு, அங்கேதான் முடிவு பிறந்தது. டர்பனின் ந்டுசூமா பகுதியைச் சேர்ந்த மண்டிசா ம்ஃபேக்கா நாட்டின் முதல் கறுப்பினப் பெண் போர் விமானியானவர் என்பதைப் பள்ளி நாள்களிலேயே படித்திருந்தேன். நம் ஊர்ப் பெண் ஒருத்தியால் முடிந்திருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

படைக்குள் நுழையும் வழி, இராணுவத் திறன் மேம்பாட்டுத் திட்டம் எனப்படும் இரண்டாண்டுச் சேவைதான். பொதுவாக 18 முதல் 22 வயது வரையும், பட்டதாரிகளுக்கு 26 வயது வரையும் இடமுண்டு. தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வேண்டும், குற்றப்பதிவு இருக்கக்கூடாது. விமானிப் பிரிவுக்குக் கணிதமும் இயற்பியல் அறிவியலும் மெட்ரிக்கில் தேறியிருக்க வேண்டும். எனக்குக் கணிதத்தில் 64 விழுக்காடு. விண்ணப்பம் போட்டு மாதங்கள் கழித்து, பிரிட்டோரியாவில் மருத்துவச் சோதனைக்கு வரும்படி அழைப்பு வந்தது. நாள், 2023 தைப்பூசக் காவடிக்கு மறுநாள் திங்கட்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அன்றுதான் நடந்தது. என் அண்ணன் பதினோரு ஆண்டுகளாக உறுமி வாசிப்பவர். கிளேர்வுட் சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடி எடுக்கும் உறவினர்களோடு எங்கள் குழு ஆண்டுதோறும் போகும். நான் தாளம் போடுவேன். அந்த ஆண்டு பாட்டுக்காக ஒரு ஒலிபெருக்கியைச் சிறிய வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலை ஆறு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நான் அதற்கு வலப்புறமாக, என் இடக் காது அதன் வாயைப் பார்க்கும்படி நடந்தேன். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. காதுக்குள் ஒரு மெல்லிய ரீங்காரம் நிற்காமல் ஓடியது. சாப்பாடு போட்ட ஆயா, அதாவது என் பாட்டி, இரண்டு முறை கூப்பிட்டும் நான் திரும்பவில்லையாம். "காது அடைச்சிருக்கா கண்ணு? நல்லெண்ணெய் காய்ச்சி விடட்டுமா?" என்று கேட்டார். களைப்புதான் ஆயா என்று சொல்லிவிட்டு, இரவுப் பேருந்தில் ஏறினேன். எட்டு மணி நேரப் பயணம் முழுவதும் பதற்றத்தை அடக்க ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனேன். காலையில் பிரிட்டோரியாவில் இறங்கி, நேராகச் சோதனை வரிசையில் போய் நின்றேன்.

இரத்தம், சிறுநீர், இதயத் துடிப்பு வரைபடம், நிறப்பார்வைக்கான இஷிஹாரா தட்டுகள், உட்கார்ந்த உயரம், தொடையின் நீளம் என்று சோதனைகள் நீண்டன. விமானி அறைக்குள் உடல் பொருந்த வேண்டும் என்பதற்காக உயரத்தைப் பல விதமாக அளக்கிறார்கள். செவிச் சோதனைக்கு ஒரு தடித்த சுவர்க் கூண்டுக்குள் உட்கார வைத்துக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கேட்டவுடன் அழுத்த வேண்டும். வலக் காது எளிதாக முடிந்தது. இடக் காதில் தாழ்ந்த ஒலிகள் கேட்டன. பிறகு நெடுநேரம் எதுவுமே கேட்கவில்லை. ரீங்காரம் ஒலியா, சோதனை ஒலியா என்று பிரித்தறிய முடியாமல் இரண்டு மூன்று முறை ஊகித்து அழுத்தினேன். வெளியே வந்தபோது அந்த அலுவலர், "நேற்று சத்தமான இடத்தில் இருந்தீர்களா?" என்று கேட்டார். கோயிலில் இருந்தேன் என்று சொன்னால் எதையோ ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று பயந்து, இல்லை என்றேன். அந்தப் பொய்தான் இந்தக் கதையில் நான் செய்த மிகப் பெரிய தவறு. உண்மையைச் சொல்லியிருந்தால் சோதனையைத் தள்ளி வைத்திருப்பார்கள் என்று பின்னாளில் ஒரு கேட்பியல் வல்லுநர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆறு வாரங்களில் கடிதம் வந்தது. இம்முறை நான் பரிந்துரைக்கப்படவில்லை என்று மூன்று வரிகள். அதற்குக் கீழே, விவரம் வேண்டுவோர் எழுத்து மூலம் கேட்கலாம் என்று ஒரு வரி. அந்த நான்காம் வரியை நான் படித்தேன், ஆனால் மனத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. 'நீ தகுதியற்றவள்' என்பது ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் காட்டிவிட்டுக் கடிதத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மூன்று வாரங்கள் கோயிலுக்குக்கூடப் போகவில்லை, போனால் யாராவது "பைலட் ஆகிட்டியா?" என்று கேட்பார்களே என்று கூசினேன். மறுக்கப்பட்டவர்கள் பலர் இந்தக் கூச்சத்தால்தான் காரணத்தைக் கேட்காமல் விடுகிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டால் இன்னும் மோசமான ஒன்றைக் கேட்க நேரும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

காரணம் தெரியாதவள் கண்ணில் பட்டதையெல்லாம் பழுதுபார்க்கத் தொடங்கினேன். முதலில் கணிதம்தான் குறை என்று முடிவு செய்தேன். 64-ஐ 80 ஆக்க வேண்டும் என்று மெட்ரிக் கணிதத்தை மறுபடி எழுதத் தனிப்பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஒன்பது மாதத்துக்கு 6,400 ராண்டு. பேரங்காடியில் காசாளராக வேலை பார்த்த சம்பளத்தில் அதைக் கட்டினேன். 71 வந்தது. மதிப்பெண்தான் தடை என்றால் சோதனைக்கே அழைத்திருக்கமாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எந்தக் கட்டத்தில் நிறுத்தப்பட்டோம் என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். மருத்துவச் சோதனை வரை போனவருக்குப் படிப்புச் சான்றிதழில் குறை இருந்திருக்காது. அடுத்து, கண்ணோ என்ற சந்தேகம். கண் மருத்துவருக்கும் சோதனைகளுக்கும் 1,850 ராண்டு. கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். எனக்கு நிம்மதி வரவில்லை, ஏனென்றால் அப்படியானால் குறை வேறெங்கோ இருக்கிறது என்று ஆகிவிட்டது.

பிறகு அந்தத் தரகர் வந்தார். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர், நல்ல உடை, மரியாதையான பேச்சு. உள்ளே தனக்கு ஆள் இருப்பதாகவும், கோப்பை மறுபடி மேலே எடுத்து வைக்க 3,500 ராண்டு ஆகும் என்றும் சொன்னார். கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, அவசரக் கட்டணம் என்று இன்னும் 1,500 கேட்டார். அதையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவருடைய தொலைபேசி அணைந்தே கிடந்தது. படையில் சேர யாரும் ஒரு காசுகூடக் கட்டத் தேவையில்லை. இதைத் தேசியப் பாதுகாப்புப் படை ஆண்டுதோறும் பொது அறிவிப்பாகவே எச்சரித்து வருகிறது. நான் அந்த எச்சரிக்கையைப் படித்திருந்தேன். படித்தும் கொடுத்தேன், ஏனென்றால் ஒருவராவது என் கோப்பைப் பற்றி என்னிடம் பேசினாரே என்ற ஆறுதல் எனக்குத் தேவைப்பட்டது. பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் திரும்பவில்லை.

பெரிய தொகை பறப்புப் பாடத்தில் போனது. விமானம் ஓட்டிய அனுபவம் இருந்தால் தேர்வுக் குழு மதிக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டு, டர்பன் வடபகுதியில் கடலோரமாக இருக்கும் வர்ஜீனியா விமான நிலையத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். மணிக்கு 2,400 ராண்டு வீதம் ஒன்பது மணி நேரம்: 21,600. அதில் 12,000 என் அண்ணன் கொடுத்தது. வாகனங்களின் நசுங்கிய தகடுகளைத் தட்டிச் சீர்செய்யும் பட்டறையில் அவர் சனிக்கிழமைகளிலும் வேலை செய்து சேர்த்த பணம். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு இலட்சத்து எட்டாயிரம் ராண்டு ஆகும். அதை எட்ட வழியில்லாமல் தனியாகப் பறக்கும் கட்டத்துக்கு முன்பே நின்றுவிட்டேன். அந்த ஒன்பது மணி நேரங்களில் கிடைத்த மகிழ்ச்சியை நான் மறுக்கமாட்டேன். உம்கேனி ஆற்றின் வாயில் பழுப்பு நீர் நீலத்தில் கலக்கும் இடத்தை மேலிருந்து பார்த்தது என்றும் மறக்காது. ஆனால் வான்படை ஒன்றுமே தெரியாதவரை எடுத்துத்தான் முதலிலிருந்து பறக்கக் கற்பிக்கிறது. மேற்குக் கேப்பில் லாங்கபான்வெக் தளத்தில் உள்ள நடுவண் பறப்புப் பள்ளியில் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 விமானங்களில் அடிப்படையிலிருந்து பயிற்சி நடக்கிறது. பறந்த அனுபவம் நுழைவுக்கான நிபந்தனை இல்லை. கடன் வாங்கிப் பறப்புப் பாடம் படிக்க நினைக்கும் பெற்றோர்களிடம் இதை நான் கையைப் பிடித்துச் சொல்வேன்.

வழியைக் காட்டியவர் என் அத்தை. நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது, "ஏன் நிறுத்தினாங்கன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன். அவர் நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். அலமாரியிலிருந்த கடிதத்தை எடுத்துவரச் சொல்லி, அந்த நான்காம் வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு, தகவல் பெறும் உரிமையை மேம்படுத்தும் சட்டம், 2000-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம், எனக்கு என்ன கொடுக்கிறது என்று விளக்கினார். அரசு அமைப்பு எதனிடமும் நம்மைப் பற்றிய பதிவைக் கேட்கலாம்; அது 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்; தன் சொந்தப் பதிவைக் கேட்பவரிடம் விண்ணப்பக் கட்டணம் வாங்கப்படுவதில்லை, நகலெடுக்க மட்டும் சிறு செலவு வரலாம். அதற்கென உள்ள படிவத்தை நிரப்பி, அடையாள அட்டை நகலையும் விண்ணப்ப எண்ணையும் இணைத்து, 'என் மருத்துவச் சோதனைப் பதிவு முழுவதும்' என்று குறிப்பிட்டு அனுப்பினேன். 'ஏன் மறுத்தீர்கள்' என்று கேட்டால் ஒரு பொது விடை வரலாம். இன்ன பதிவு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் அந்தத் தாளே வரும் என்பது அத்தையின் அறிவுரை. இருபத்தாறாம் நாள் உறை வந்தது.

மூன்றாம் பக்கத்தில் அந்த வரைபடம் இருந்தது. மேலே இடமிருந்து வலமாக 500, 1000, 2000, 3000, 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ் என்று ஒலியின் சுருதி; பக்கவாட்டில், அந்த ஒலி காதில் விழ எவ்வளவு சத்தம் தேவைப்பட்டது என்பது டெசிபலில். குறி கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. வலக் காதைக் குறிக்கும் சிவப்பு வட்டங்கள் மேலே ஒரே வரிசையாகப் போயின. இடக் காதின் நீலப் பெருக்கல் குறிகளும் 2000 வரை அப்படியே போய், 4000-இல் 40 டெசிபலுக்குச் சட்டென்று இறங்கி, 8000-இல் மறுபடி ஏறின. பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டித் தடம்போல் இருந்தது. அருகே கையெழுத்தில், 'தற்காலிகமாகத் தகுதியில்லை, மறுபரிசோதனைக்கு உரியவர்' என்று எழுதியிருந்தது. நிரந்தரமாக என்று எங்கும் இல்லை. சமையலறை மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். ஆயா வந்து தோளைத் தொட்டு, "அன்னிக்கே எண்ணெய் விடட்டுமான்னு கேட்டேனே" என்றார். காதில் எதையும் காய்ச்சி விடக்கூடாது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. கவனித்தவர் அவர் ஒருவர்தானே.

950 ராண்டு கொடுத்து ஒரு கேட்பியல் வல்லுநரிடம் போனேன். பலன் தந்த ஒரே செலவு அதுதான். கூண்டுக்குள் மறுபடி உட்கார்ந்தேன். இடக் காது 4000-இல் 15 டெசிபல், முழு இயல்பு நிலை. அவர் பொறுமையாக விளக்கினார். பெருஞ்சத்தத்தில் மணிக்கணக்காக இருந்தால் உட்செவியின் நுண்ணிய மயிர் அணுக்கள் களைத்துவிடும். சில மணி நேரமோ ஓரிரு நாளோ கேட்கும் திறன் தாழ்ந்திருந்து பிறகு மீளும். சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் தெரிவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் சுற்றில்தான். அதனால்தான் தொழிலகங்களில் அடிப்படைச் செவிச் சோதனைக்கு முன் குறைந்தது 16 மணி நேரம் சத்தத்திலிருந்து விலகியிருக்கச் சொல்கிறார்கள். நானோ ஒன்பது மணி நேர மேளத்துக்கும் ஓர் இரவு ஹெட்போனுக்கும் பிறகு நேராகப் போய் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கி என் இடப்பக்கம் இருந்ததை நான் சொன்னவுடன் அவர் தலையசைத்தார்.

இரண்டாம் விண்ணப்பத்தோடு அவருடைய அறிக்கையையும் பழைய பதிவின் நகலையும் இணைத்தேன். சோதனைக்கு முந்தைய ஐந்து நாள்கள் மேளம், ஹெட்போன், அண்ணனின் பட்டறை எதன் பக்கமும் போகவில்லை. பகலில் பயணம் செய்து, பிரிட்டோரியாவின் லௌடியத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டில் இரண்டு இரவு நன்றாகத் தூங்கினேன். முதல் முறை மிச்சப்படுத்த நினைத்த ஒரு நாள் விடுப்புச் சம்பளம் எனக்கு ஓராண்டுக்கும் மேல் செலவு வைத்தது. தொலைவிலிருந்து வருபவர்கள் ஒரு நாள் முன்பே போய்த் தங்குங்கள். சளி பிடித்திருந்தாலும் முன்பே சொல்லித் தேதி மாற்றக் கேளுங்கள், ஏனென்றால் மூக்கடைப்பும் செவிப்பறையைப் பாதிக்கும். மறைக்காதீர்கள். தேர்வுக் குழு நேர்காணலில் முதல் மறுப்பைப் பற்றிக் கேட்டபோது, அலுவலரிடம் பொய் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இருந்த அதிகாரி, வானத்தில் பிழை செய்தால் இறங்கியவுடன் இப்படியே சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

தேர்வுக் கடிதம் வந்துவிட்டது. வரும் ஜனவரியில் அடிப்படை இராணுவப் பயிற்சிக்குப் போகிறேன். அதன் பிறகு அதிகாரிப் பயிற்சி, பிறகு தரைப் பாடங்கள், அதற்கும் பிறகுதான் பறப்பு. ஒவ்வொரு படியிலும் ஆள்கள் கழிக்கப்படுகிறார்கள். வான்படையில் நிதிப் பற்றாக்குறையால் பறப்பு நேரம் குறைந்திருப்பது நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்ட செய்தி. காத்திருக்கும் காலம் நீளலாம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் போகிறேன். பதினான்கு மாதம் வீணாகியும் வயது வரம்பு என்னைத் தள்ளிவிடவில்லை. இருபத்தொரு வயதில் முதல் மறுப்பு வந்திருந்தால் கதை வேறு. வயது கூடியவர்கள் காரணம் கேட்கும் மடலைக் கடிதம் வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. என் வரைபடத்தைப் பார்த்த பிறகு அண்ணனையும் அதே வல்லுநரிடம் அழைத்துப் போனேன். அவருக்கு இரண்டு காதிலும் 4000-இல் அதே பள்ளம், 55 டெசிபல் வரை. மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்து மறுபடி சோதித்தோம், கோடு ஏறவில்லை. பதினோரு ஆண்டு உறுமியும் ஏழு ஆண்டுப் பட்டறையும் சேர்ந்து செய்தது, இனி மீளாது என்றார் வல்லுநர். அண்ணன் வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. நான் கேட்டதெல்லாம் அவருக்குக் கேட்டதா என்றும் தெரியவில்லை. இப்போது எங்கள் குழுவின் மேளப் பையில் காதில் வைக்கும் நுரை அடைப்பான்கள் ஒரு பெட்டி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். அண்ணனுக்கு அடுத்த மாதம் 12-ஆம் தேதி காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. நான் கிளம்புவதற்கு முன் அவரோடு போய்வருவேன்.